டிரங்க் சிஸ்டம்: கேள்வி ஒரு சேனலில் கேட்கிறது, பதில் எங்கே போகிறது?

#1 புதுக்காது

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாக இங்கே சும்மா படித்துக்கொண்டிருந்தவன். இன்றுதான் முதல் பதிவு.

செகண்ட் ஹேண்டில் ஒரு டிஜிட்டல் ரேடியோ ஸ்கேனர் (பல அலைவரிசைகளை மாறி மாறிக் கேட்கும் கருவி) வாங்கினேன். மாடல் பெயரைச் சொன்னால் அதை வைத்தே சண்டை ஆரம்பித்துவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். பி25 என்ற டிஜிட்டல் ரேடியோ முறையின் ஃபேஸ் 1, ஃபேஸ் 2 இரண்டும் எடுக்கும், கொஞ்சம் பழையது. எங்கள் பகுதியில் தீயணைப்பு, பேருந்து, சாலைப் பராமரிப்பு மூன்றும் ஒரே 800 மெகாஹெர்ட்ஸ் டிரங்க் சிஸ்டத்தில் இருக்கின்றன. என்கிரிப்ஷன் (பேச்சைப் பூட்டி அனுப்புவது) கிடையாது. கேட்பதற்கு இங்கே சட்டத்தடையும் இல்லை, வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிட்டேன்.

அந்த சிஸ்டத்தின் 12 அலைவரிசைகளையும் ஒவ்வொன்றாக மெமரியில் போட்டு ஸ்கேன் விட்டேன். வருவது இப்படி: "மூணாவது மாடியில புகை, ஏணி வண்டி..." அவ்வளவுதான். அடுத்து ஒரு பஸ் டிரைவர் டயர் பஞ்சர் என்கிறார். அதற்கடுத்து யாரோ "சரி, அனுப்பறேன்" என்கிறார். யார், யாருக்கு, எதை அனுப்புகிறார்? ஏணி வண்டியையா, டயரையா?

இதில் ஒரு சேனல் வேறு இடைவிடாமல் "கர்ர்ர்ர்" என்று கத்திக்கொண்டே இருக்கிறது. ஸ்கேன் அங்கேயே போய் நின்றுவிடுகிறது. தொல்லை தாங்காமல் அதை மட்டும் லாக்-அவுட் செய்துவிட்டேன். மற்றதெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

#2 அலைக்கழிப்பு

சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டுக் கதவு திறக்கவில்லை என்கிறீர்கள். அந்தக் "கர்ர்ர்ர்"தான் கண்ட்ரோல் சேனல்.

#3 கம்பியில்லாத்தம்பி

சிரிக்காதீர்கள், நாம் எல்லோரும் அதைச் செய்தவர்கள்தான். நானும் முதல் வாரம் அதையேதான் லாக்-அவுட் செய்தேன்.

சாதாரண சிஸ்டத்தில் ஒரு துறைக்கு ஒரு சேனல். பட்டா போட்ட நிலம் மாதிரி, உழுதாலும் தரிசாகப் போட்டாலும் அது அவர்களுடையது. டிரங்கில் நிலம் பொது. ஒருவர் பொத்தானை அழுத்தினால் அவர் கையில் இருக்கும் கருவி உடனே பேச்சை அனுப்பாது. முதலில் கண்ட்ரோல் சேனலில் ஒரு குட்டி டேட்டா விண்ணப்பம் போடும்: "நான் இன்ன எண், இன்ன குழுவுக்குப் பேச வேண்டும்." கண்ட்ரோலர் அந்த நேரத்தில் காலியாக இருக்கும் சேனலைப் பார்த்து, "குழு 1204, ஏழாம் சேனலுக்குப் போ" என்று அறிவிக்கும். அந்தக் குழுவின் கருவிகள் எல்லாம் ஏழுக்குத் தாவும். பேசி முடிந்ததும் கண்ட்ரோல் சேனலுக்கே திரும்பி வந்து காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நீங்கள் கேட்ட "கர்ர்ர்ர்" அந்த அறிவிப்புகளின் ஓட்டம்தான். பி25ல் அது விநாடிக்கு 9600 பிட் வேகம். மூன்று அறிவிப்பு அடங்கிய ஒரு கட்டு 75 மில்லிவிநாடியில் போய்விடும். அதாவது விநாடிக்கு 40 அறிவிப்பு வரை. பேச்சே இல்லாத நள்ளிரவிலும் அது ஓயாது. சிஸ்டத்தின் அடையாள எண், பக்கத்து சைட்டுகளின் (கோபுர நிலையங்களின்) விவரம், சேனல் கணக்கு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இப்போது உங்கள் ஏணி வண்டி. பல சிஸ்டங்களில் பொத்தானை விட்ட மறுகணமே சேனலைப் பறித்துப் பொதுவில் போட்டுவிடுவார்கள். கேட்டவர் ஏழில் கேட்டிருப்பார், பதில் மூன்றில் வந்திருக்கும். அதற்குள் ஏழு பஸ்காரர் கைக்குப் போயிருக்கும். சில சிஸ்டங்களில் ஓரிரு விநாடி பிடித்து வைப்பார்கள், அங்கே பதிலும் அதே சேனலில் வரும். உங்களுடையது முதல் வகை போலிருக்கிறது.

ஆகவே 12 அலைவரிசைகளையும் அழித்துவிடுங்கள். புது சிஸ்டம் ஒன்று உருவாக்கி, வகை பி25 டிரங்க் என்று கொடுங்கள். கண்ட்ரோல் சேனலையும் அதன் மாற்றுகளையும் மட்டும் போடுங்கள். மாற்று எதற்கென்றால், சில சிஸ்டங்கள் கண்ட்ரோல் சேனலை அவ்வப்போது இடம் மாற்றும். பேச்சுச் சேனல்களை நீங்கள் கொடுக்கவே வேண்டாம். அடிப்படை அலைவரிசை எது, சேனலுக்கு எவ்வளவு இடைவெளி என்பதைக் கண்ட்ரோல் சேனலே ஒலிபரப்பும், ஸ்கேனர் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

குழு எண்கள் தெரியாவிட்டால் ஐடி சர்ச்சில் (வருகிற எண்ணையெல்லாம் தேடிக் காட்டும் வசதி) இரண்டு நாள் விட்டுவையுங்கள். குழு எண் 16 பிட், ஆகவே 65,535க்குள் ஏதோ ஒன்று. கருவி எண் 24 பிட். எந்தெந்தக் கருவி எண் எந்தக் குழுவில் வருகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வந்தீர்களானால் யார் எந்த வண்டி என்பது தானாகப் பிடிபடும். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு இன்றுவரை அலுக்காத பகுதி அதுதான். ரேடியோரெஃபரன்ஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் உங்கள் சிஸ்டம் இருந்தால் வேலை மிச்சம்.

இதெல்லாம் பி25க்கு. பழைய ஈடாக்ஸ் சிஸ்டமாக இருந்தால் பேச்சுச் சேனல்களைச் சரியான வரிசை எண்ணோடு கொடுத்தே ஆக வேண்டும், வரிசை தப்பினால் தப்பான சேனலுக்குப் போய் நிற்கும். எல்டிஆர் என்ற இன்னொரு வகையில் தனிக் கண்ட்ரோல் சேனலே கிடையாது, பேச்சுக்கு அடியிலேயே காதுக்கு எட்டாத டேட்டாவாக ஓடும். அந்தந்த சிஸ்டத்துக்கு அந்தந்த மருந்து.

#4 மரச்சட்ட ரேடியோ

இத்தனை சுற்று எதற்கு? ஒரு துறைக்கு ஒரு சேனல் என்று இருந்தபோது என்ன குறைந்துபோயிற்று? டயலைத் திருப்பினோமா, கேட்டோமா, தூங்கினோமா. டிரங்க் வந்த புதிதில் இரண்டு ஸ்கேனரைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் துரத்திப் பார்த்தவன் நான். 1997ல் யூனிடனின் பிசி235எக்ஸ்எல்டி வந்த பிறகுதான் ஸ்கேனரே குழுவைத் தொடர ஆரம்பித்தது. அதிலும் அனலாக் பேச்சு அழகாகக் கேட்கும். டிஜிட்டலில் இருந்தால் முழுசாக இருக்கும், இல்லாவிட்டால் சுத்தமாக இருக்காது. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரலைக் காதால் பொறுக்கியெடுக்கும் சுகமே போய்விட்டது.

#5 இரவுப்பணி

மரச்சட்டம் ஐயா, சுகம் போனது உண்மைதான். ஆனால் அந்த "ஒரு துறைக்கு ஒரு சேனல்" காலத்தில் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். குறைந்தது என்ன என்று என்னைக் கேளுங்கள். ஒரு சேனலில் பத்துப் பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசுவார்கள், பக்கத்துச் சேனல் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்.

டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு இந்தப் பெயர் புதிதில்லை. ரேடியோவுக்கு அந்தச் சொல் தொலைபேசியிலிருந்துதான் வந்தது, கணக்கும் அங்கிருந்துதான். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் 1909லேயே எழுத ஆரம்பித்து, 1917ல் சூத்திரமாகக் கொடுத்தார். ஒரு சேனல் இடைவிடாமல் நிரம்பியிருந்தால் அது ஒரு எர்லாங் சுமை. ஐந்து துறை, ஆளுக்கு ஒரு சேனல், ஒவ்வொரு துறையும் அரை எர்லாங் சுமை கொடுக்கிறது என்று வையுங்கள். அந்தச் சூத்திரப்படி மூன்றில் ஒரு அழைப்பு இடமில்லாமல் திரும்பும். அதே ஐந்து சேனலையும் பொதுவில் வைத்து மொத்த 2.5 எர்லாங்கையும் அதில் விட்டால் திரும்புவது நூற்றுக்கு 7தான். சேனல் ஒன்றுகூட அதிகமாகவில்லை. ஐந்து கவுண்டருக்கு ஐந்து வரிசை நிற்பதற்கும், ஒரே வரிசையில் நின்று காலியாகும் கவுண்டருக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம்தான். நிஜ டிரங்க் சிஸ்டத்தில் திருப்பி அனுப்பாமல் வரிசையில் நிற்கவைப்பார்கள் என்பதால், அந்த 7ம் சின்னக் காத்திருப்பாகவே முடியும்.

எங்கள் பக்கத்தில் இது எப்படிக் கேட்கும் தெரியுமா? பொத்தானை அழுத்தினால் "பிப் பிப் பிப்" என்று ஒரு சின்னச் சத்தம். சேனல் கிடைத்துவிட்டது, பேசலாம் என்று அர்த்தம். எல்லாம் நிரம்பியிருந்தால் தடித்த குரலில் ஒரு "பாங்ங்". விட்டுவிட்டுக் காத்திருந்தால், முறை வந்ததும் கருவியே கூப்பிடும். ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் வரிசையில் முன்னால் போய்விடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்த "பிப்" வருவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். "தீ இல்லை, புகை மட்டும்" என்பது "இல்லை, புகை மட்டும்" என்று வரும். முதல் வாரப் பயிற்சியே அழுத்து, கேள், பிறகு பேசு என்பதுதான்.

புதுக்காது, உங்களுக்கும் சில சமயம் முதல் சொல் விழும். அது உங்கள் ஸ்கேனர் தாவுகிற நேரமாகவும் இருக்கலாம், பேசினவரின் அவசரமாகவும் இருக்கலாம்.

#6 புதுக்காது

கம்பியில்லாத்தம்பி அண்ணா (பெயரில் தம்பி என்றிருந்தாலும் அண்ணா என்றே கூப்பிடுகிறேன்), இரவுப்பணி அக்கா, இருவருக்கும் நன்றி. சொன்னபடி செய்தேன். நேற்று இரவு ஒரு தீயணைப்பு உரையாடல் முழுக்க, ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே குழுவாக வந்தது. ஏணி வண்டி கிளம்பியதையும் கேட்டுவிட்டேன்.

ஆனால் புது வம்பு. பேச்சு தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருக்கிறது. நல்ல வாக்கியம் ஒன்று, அடுத்தது "ழ்ழ்வ்க்க்", அப்புறம் மௌனம். சிக்னல் போதவில்லை என்று நினைத்து, ஆன்டெனாவை மொட்டைமாடியில் ஆறு மீட்டர் கம்பத்தில் ஏற்றினேன். ஐந்து கட்டமும் நிறைந்துவிட்டது, பேச்சு இன்னும் மோசமாகிவிட்டது! கருவி பழுதா?

#7 டாங்கிள்தாசன்

ஃபேஸ் 2 சிஸ்டமாக இருக்கும். உங்கள் ஸ்கேனர் ஃபேஸ் 1 என்று தப்பாக எடுத்துக்கொள்கிறது. ஃபேஸ் 1 மட்டும் தெரிந்த ஸ்கேனருக்கு ஃபேஸ் 2 சிஸ்டத்தில் கண்ட்ரோல் சேனல்கூடப் புரியாது.

#8 கம்பியில்லாத்தம்பி

இரண்டாவது வாக்கியம் தப்பு, தாசன். ஃபேஸ் 2விலும் கண்ட்ரோல் சேனல் பழைய முறையிலேயே 9600 பிட்டில்தான் ஓடும். பேச்சுச் சேனல்தான் இரண்டாகப் பிளந்து, ஒரே 12.5 கிலோஹெர்ட்ஸில் இரண்டு உரையாடல் மாறி மாறிப் போகும். ஃபேஸ் 1 ஸ்கேனரில் குழு எண்ணெல்லாம் திரையில் ஓடும், குரல் மட்டும் வராது. பல அமைப்புகளில் குழுவுக்குள் ஒரே ஒரு பழைய கருவி நுழைந்தாலும் அந்தக் குழுவின் பேச்சு ஃபேஸ் 1க்கு இறங்கிவிடும். புதுக்காது தன் ஸ்கேனர் இரண்டும் எடுக்கும் என்கிறார், ஆகவே வம்பு அதுவல்ல.

புதுக்காது, ஒரு கேள்வி. தரவுத்தளத்தில் உங்கள் சைட்டின் பெயருக்குப் பக்கத்தில் சைமல்காஸ்ட் என்று போட்டிருக்கிறதா?

#9 புதுக்காது

ஆமாம் அண்ணா. ஒரே சைட், ஆறு கோபுரம்.

#10 கம்பியில்லாத்தம்பி

கருவி பழுதில்லை. நீங்கள் ஆன்டெனாவை ஏற்றியதுதான் வினை.

சைமல்காஸ்ட் என்றால் ஆறு கோபுரமும் ஒரே அலைவரிசையில், ஒரே பேச்சை, ஒரே நேரத்தில் அனுப்பும். ஜிபிஎஸ் கடிகாரத்தால் நேரத்தைக் கட்டிவைத்திருப்பார்கள். கிளம்பும்போது ஒன்றாகத்தான் கிளம்பும். உங்கள் கம்பத்துக்கு வந்து சேர்வது ஒன்றாக இராது. ரேடியோ அலை ஒரு கிலோமீட்டர் கடக்க 3.3 மைக்ரோவிநாடி. ஒரு கோபுரம் பக்கத்திலும் இன்னொன்று அதைவிட 15 கிலோமீட்டர் தள்ளியும் இருந்தால் 50 மைக்ரோவிநாடி தாமதம். பி25 ஃபேஸ் 1ல் விநாடிக்கு 4800 குறியீடு, ஒரு குறியீட்டின் நீளம் 208 மைக்ரோவிநாடி. ஆக முந்தைய குறியீட்டின் வால், அடுத்ததன் தலைமேல் கால்பங்கு ஏறி உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு பேர் ஒரே செய்யுளை ஒரு சீர் தள்ளி ஒப்பித்தால் எப்படிக் கேட்கும்? இரண்டு பேரும் சத்தமாக, தெளிவாகத்தான் சொல்கிறார்கள். உங்களுக்குத்தான் ஒன்றும் விளங்காது.

கீழே இருந்தபோது தூரத்துக் கோபுரங்களைக் கட்டடங்கள் மறைத்தன. ஆறு மீட்டர் ஏறியதும் ஆறும் உங்களை நேராகப் பார்க்கின்றன. சிக்னல் கட்டம் காட்டுவது மொத்தச் சத்தத்தை. அதில் எத்தனை வாய் பேசுகிறது என்று அது சொல்லாது.

துறைக்காரர்களின் கருவி இதற்கென்றே செய்தது, சமாளித்துக்கொள்ளும். சைமல்காஸ்ட் சிஸ்டங்கள் பலவற்றில் அலையின் வீச்சும் அதன் சுழற்சி நிலையும் சேர்ந்து மாறும் லீனியர் பண்பேற்றத்தை (அலைமேல் செய்தியை ஏற்றும் முறை) வைக்கிறார்கள். பழைய ஸ்கேனர்கள் எஃப்எம் வழியாக அதிர்வெண் விலகலை மட்டும் பார்க்கின்றன, பாதிச் செய்தி அங்கேயே சிந்திவிடுகிறது. 2018ல் வந்த யூனிடன் எஸ்டிஎஸ்100 அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஐ/க்யூ முறையில் இதைக் கையாள்வதால்தான் அவ்வளவு பேர் வாங்கியது. உங்களைப் புதிதாக வாங்கச் சொல்லவில்லை. முதலில் ஆன்டெனாவை இறக்குங்கள்.

#11 அலைக்கழிப்பு

எளிய வழி: ஸ்கேனரில் சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் இருக்கும். 20 டெசிபல் குறைத்துவிடுங்கள். சத்தம் அடங்கும், சிக்கல் தீரும்.

#12 கம்பியில்லாத்தம்பி

தீராது. அட்டென்யுவேட்டர் பக்கத்துக் கோபுரத்தையும் தூரத்துக் கோபுரத்தையும் ஒரே அளவு குறைக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியேதான் நிற்கும். மெல்ல ஒப்பித்தாலும் அதே இரண்டு பேர்தான். தூரத்தது ஏற்கெனவே இரைச்சலை ஒட்டி இருந்தால் அதற்குள் முழுகிப்போகலாம், அந்த அளவுக்குத்தான் பலன். ரிசீவரே திணறும் அளவுக்குப் பக்கத்தில் கோபுரம் இருந்தால் அட்டென்யுவேட்டர் நல்ல மருந்து. அது வேறு நோய்.

#13 அலைக்கழிப்பு

எனக்கு வேலை செய்ததே!

#14 கம்பியில்லாத்தம்பி

அதைப் போடும்போது ஸ்கேனரைக் கையில் எடுத்தீர்களா, மேசையில் வைத்தே போட்டீர்களா? 850 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 35 சென்டிமீட்டர். பாதி 17.6, ஒரு சாணுக்கும் குறைவு. ஸ்கேனரை ஒரு சாண் நகர்த்தினாலே இரண்டு கோபுரத்தின் அலையும் ஒன்றையொன்று கூட்டிக்கொள்வதும் வெட்டிக்கொள்வதும் மாறிவிடும். பொத்தானுக்குப் போன பேர் கைக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

#15 அலைக்கழிப்பு

...கையில் எடுத்தேன்.

#16 டாங்கிள்தாசன்

ஃபேஸ் 2 விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி அண்ணா, இத்தனை நாள் தப்பாகவே சொல்லித் திரிந்திருக்கிறேன்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனர் ஒரு நேரத்தில் ஒரு உரையாடலைத்தான் தொடரும். தீயணைப்பைக் கேட்கும்போது பேருந்து போய்விடும். கணினியில் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை (யூஎஸ்பியில் செருகும் சின்ன ரேடியோ) செருகினால் அந்தப் பாடு இல்லை. டிவி பார்க்கச் செய்த சில்லு அது. 2012ல்தான் அதிலிருந்து கச்சா மாதிரிகளை (அலையை அப்படியே எண்களாக) நேரடியாக எடுக்கலாம் என்று பரவலாகத் தெரிந்தது. ஒரு டாங்கிள் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே மூச்சில் விழுங்கும். அந்த அகலத்துக்குள் விழும் எல்லாப் பேச்சுச் சேனலையும் எஸ்டிஆர்டிரங்க், டிரங்க் ரெக்கார்டர் மாதிரி மென்பொருள் ஒரே நேரத்தில் பிரித்து, குழுவாரியாகக் கோப்பாகப் பதிந்து வைக்கும். காலையில் எழுந்து, இரவு நடந்ததை வரிசையாகக் கேட்கலாம். சைமல்காஸ்டையும் பழைய ஸ்கேனர்களைவிட நன்றாகவே சமாளிக்கிறது. சேனல்கள் அதற்கு மேல் அகலமாகச் சிதறிக் கிடந்தால் இரண்டு மூன்று டாங்கிள் வேண்டும்.

இதில் நான் மூன்று வாரம் முட்டிக்கொண்ட இடம் ஒன்று. விலை மலிவான டாங்கிளில் கடிகாரப் படிகம் தறிகெட்டு ஓடும். பத்து லட்சத்துக்கு 50 பங்கு பிசகினால், 850 மெகாஹெர்ட்ஸில் அது 42.5 கிலோஹெர்ட்ஸ். சேனலே 12.5தான், மூன்று வீடு தள்ளிப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்! சூடாகச் சூடாக இன்னும் நகரும். வெப்ப ஈடு செய்த படிகம் உள்ள டாங்கிளாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் அரைமணி நேரம் ஓடவிட்டு, பிசகை அளந்து, மென்பொருளில் திருத்தம் கொடுங்கள்.

#17 மௌனவாசகி

இடையில் ஒரு சந்தேகம். என்னுடையது டிஎம்ஆர் டயர் 3 (பி25 போல இன்னொரு டிஜிட்டல் டிரங்க் வகை), பல சைட். பக்கத்துக் கோபுரம் கண்ணாடி மாதிரி கேட்கிறது. ஆனால் விமான நிலையத் தரைப்பணிக் குழு ஒன்று அதில் வருவதே இல்லை. தூரத்துக் கோபுரத்தில் கரகரவென்று வருகிறது. ஒரே சிஸ்டம்தானே, ஏன் இந்த ஓரவஞ்சனை?

#18 இரவுப்பணி

ஓரவஞ்சனை இல்லை, சிக்கனம். ஒவ்வொரு கருவியும் தான் எந்தக் கோபுரத்தின் கீழே இருக்கிறது, எந்தக் குழுவைக் கேட்கிறது என்று பதிவு செய்துகொள்ளும். ஒரு கோபுரத்தின் கீழே அந்தக் குழுவின் ஆள் ஒருவர்கூட இல்லை என்றால் சிஸ்டம் அந்தப் பேச்சை அங்கே அனுப்பாது. எதற்காக ஒரு சேனலை வீணாக்க வேண்டும்? உங்கள் பக்கத்துக் கோபுரத்தின் கீழே தரைப்பணி ஆட்கள் யாரும் வருவதில்லை. யாராவது ஒருவர் கருவியை அணைக்காமல் அந்தப் பக்கம் வந்துவிட்டால், அன்றைக்கு மட்டும் தெளிவாகக் கேட்கும்.

ஸ்கேனருக்கு அப்படிப் பதிவு செய்துகொள்ளத் தெரியாது. அது வெறும் காது. அதனால் நல்ல சிக்னல் உள்ள கோபுரம் எது என்று தேடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய குழு எங்கே உலவுகிறதோ அந்தக் கோபுரத்தைப் பிடியுங்கள்.

#19 மௌனவாசகி

இரண்டு வருடக் குழப்பம் இரண்டு பத்தியில் போயிற்று. நன்றி அக்கா.

#20 பூட்டுடைப்பான்

எங்கள் பகுதியில் எல்லாம் டெட்ரா (இன்னொரு டிஜிட்டல் டிரங்க் வகை), என்கிரிப்ஷன் போட்டது. 2023ல் டெட்ராவை உடைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததே, அந்த மென்பொருள் யாரிடமாவது இருக்கிறதா? காவல்துறை சேனல் கேட்க வேண்டும்.

#21 நெறியாளர்

அந்தக் கேள்விக்கு இங்கே பதில் வராது. என்கிரிப்ஷனைத் திறப்பது பற்றிய பதிவுகள் நீக்கப்படும். இதை மட்டும் விட்டுவைக்கிறேன், மற்றவர்களுக்கு விளக்கம் பயன்படும் என்பதால்.

#22 கம்பியில்லாத்தம்பி

செய்தி என்னவென்று சொல்லிவிடலாம். 2023 ஜூலையில் மிட்நைட் ப்ளூ என்ற நெதர்லாந்து ஆய்வுக் குழு டெட்ராவில் சில ஓட்டைகளை வெளியிட்டது. அதில் டிஇஏ1 என்ற என்கிரிப்ஷன் முறையில் 80 பிட் விசை என்று வெளியே சொல்லி, உள்ளே 32 பிட்டாகச் சுருக்கி வைத்திருந்தது தெரியவந்தது. மூடி வைத்து ரகசியமாகக் காத்த கணக்குமுறை, கால் நூற்றாண்டுக்கு மேல் வெளியாள் யாரும் சரிபார்க்காமலே ஓடியிருக்கிறது. அதுதான் அந்தச் செய்தியின் சாரம். டெட்ரா முழுவதும் திறந்துகிடக்கிறது என்று பொருளில்லை. அதில் வேறு முறைகளும் உண்டு.

பி25ல் என்கிரிப்ஷன் உள்ள அழைப்பென்றால் ஒதுக்கீட்டு அறிவிப்பிலேயே ஒரு பிட் அதைச் சொல்லிவிடும். பேச்சோடு எந்த முறை என்ற எண்ணும் வரும். நல்ல ஸ்கேனர் அதைப் பார்த்துத் தாண்டிப் போய்விடும். பூட்டியிருக்கிறது என்று தெரிந்தால் நானும் தாண்டிப் போய்விடுவேன்.

#23 இரவுப்பணி

பூட்டாததும் எல்லா ஊரிலும் திறந்த வீடு இல்லை. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டு வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டத்தின் 48ஆம் பிரிவுப்படி, உங்களுக்கென்று அனுப்பாத செய்தியை அனுமதியின்றிக் கேட்பதே குற்றம். ஸ்கேனர் வைத்திருக்கலாம், கேட்பதில்தான் வில்லங்கம். அமெரிக்காவில் பொதுவாகக் கேட்கலாம், ஆனால் செல்பேசி அலைவரிசை எடுக்கும் ஸ்கேனர்களுக்கு 1994லிருந்து தடை. சில மாநிலங்களில் காரில் வைத்திருப்பதற்கே கட்டுப்பாடு. சில நாடுகளில் உரிமம் இல்லாமல் கருவியைக் கையில் வைத்திருந்தாலே மாட்டிக்கொள்வீர்கள். புதுக்காது வாங்குவதற்கு முன் விசாரித்தார் பாருங்கள், அது சரியான வரிசை.

இன்னொன்று என் சொந்த எரிச்சல். கேட்டதை உடனே குழுக்களில் போடுகிறவர்கள். ஒரு வீட்டு எண்ணைச் சொல்லி ஆம்புலன்ஸ் அனுப்பிய அரைமணி நேரத்தில் அது ஊரெல்லாம் சுற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர் மகளுக்கே நாங்கள் இன்னும் சொல்லியிருக்கவில்லை. இப்படி நாலு தரம் நடந்தால் அடுத்த வருடம் அந்தக் குழுவுக்கும் பூட்டு விழும். அப்போது இங்கே வந்து ஒப்பாரி வைக்கக் கூடாது.

#24 மரச்சட்ட ரேடியோ

இதில் அக்கா பக்கம்தான் நான்.

#25 புதுக்காது

முடிவைச் சொல்ல வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்பத்தை இறக்கினேன். ஸ்கேனரின் ரப்பர் ஆன்டெனாவையே மாட்டிக்கொண்டு, திரையில் பிழை எண்ணிக்கை தெரியும்படி வைத்து, வீடு முழுக்க நடந்தேன். வீட்டில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கூடத்தில் பிழை 30, 40 என்று தாவிக்கொண்டிருந்தது. சன்னலோரம் கட்டம் ஐந்து, பிழை 50க்கு மேல். அண்ணா சொன்னபடி ஒரு சாண் நகர்த்தினால் 12, இன்னொரு சாண் நகர்த்தினால் மறுபடி 45. கையை அசைக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் எண் நிற்கும்.

கடைசியில் படுக்கையறையில் இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து. அங்கே கட்டம் ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கிவிட்டது. பிழை 2. சில சமயம் 0. ஒரு கோபுரம் அந்தச் சந்தின் வாய்க்கு நேராக இருக்கிறது, மற்றவற்றைப் பீரோ மறைக்கிறது போலிருக்கிறது. பீரோவின் பக்கவாட்டில் ஒரு ஆணி அடிக்க முடியாதே, அதனால் துணிக்கொடிக் கயிற்றில் ஸ்கேனரைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

நேற்று முழுக்கக் கேட்டேன். ஒரு சொல் விழவில்லை. சாலைப் பராமரிப்புக் குழுவில் இரண்டு பேர் முக்கால் மணி நேரம் ஒரு சாக்கடை மூடியின் அளவைப் பற்றித் தர்க்கம் செய்தார்கள். நான் கடைசிவரை உட்கார்ந்து கேட்டேன்.

ஒரு திசையை மட்டும் கூர்ந்து கேட்கும் யாகி ஆன்டெனா வாங்கி ஒரே கோபுரத்தைப் பார்த்துத் திருப்பினால் இன்னும் நன்றாக இருக்குமா அண்ணா?

#26 கம்பியில்லாத்தம்பி

இருக்கும். ஆனால் வேண்டிய கோபுரத்தைப் பார்த்துத் திருப்புவதைவிட, தொந்தரவு கொடுக்கும் கோபுரம் யாகியின் காது கேட்காத பக்கத்தில் விழும்படி திருப்பிப் பாருங்கள். வேண்டியது கொஞ்சம் பக்கவாட்டில் போனாலும் பரவாயில்லை. சிக்னல் கட்டத்தைப் பார்க்காதீர்கள், பிழை எண்ணைப் பாருங்கள். அதுவரை பீரோ போதும், செலவும் இல்லை.

#27 மௌனவாசகி

புதுக்காது எழுதியதைப் படித்து உற்சாகமாகி, நானும் மொட்டைமாடி ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் பீரோவை நகர்த்தி அதன் பின்னால் வைத்தேன். தரைப்பணிக் குழு கரகரவென்றாவது வந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை. எல்லாமே போய்விட்டது!

#28 கம்பியில்லாத்தம்பி

அம்மா, உங்களுடையது சைமல்காஸ்ட் இல்லை. கோபுரத்துக்குக் கோபுரம் அலைவரிசை வேறு. ஒன்றோடொன்று மோதிக்கொள்ள அங்கே ஆளே கிடையாது. உங்களுக்கு வேண்டியதோ தூரத்துக் கோபுரம். உயரம்தான் மருந்து. ஆன்டெனாவைப் பழைய இடத்துக்கே ஏற்றுங்கள், முடிந்தால் இன்னும் ஒரு மீட்டர் கூட்டி.

#29 மௌனவாசகி

ஏற்றிவிட்டேன், தரைப்பணி திரும்ப வந்துவிட்டது. முன்பைவிடத் தெளிவு. பீரோவைத்தான் திருப்பி நகர்த்த முடியவில்லை, முதல் தடவை எப்படித் தள்ளினேன் என்றே தெரியவில்லை.